ரோமிக்குச் சோறு

தாணுலிங்கம் அண்ணாச்சி இறந்த ஐந்தாம் நாள் காலையில் அவர் மனைவி ஓமனா சுனிலுக்குப் போன் செய்தாள். அவர் போன அன்றைக்கே ரோமி சோற்றை நிறுத்திவிட்டது, தண்ணீர் மட்டும் நக்கிக் குடிக்கிறது, ஒருக்கா வந்து பாரு மக்கா என்றாள். ரோமி ஏன் தின்னவில்லை என்று மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லலாம். துக்கம் என்பார்கள், விசுவாசம் என்பார்கள், கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். துக்கமாவது மண்ணாவது. வேறு யார் கையிலும் வாங்கித் தின்னாதே என்று அந்த நாய்க்குப் படித்துக் கொடுத்தவன் சுனில்தான். படித்ததை அது ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இரணியல் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் பத்து சென்ட் இடத்தைச் சுற்றி வலை கட்டி நாய்ப் பயிற்சி நடத்துகிறவன் அவன். எட்டு வருஷம் துபாயில் ஒரு செக்யூரிட்டி கம்பெனியின் நாய்களோடு வெயிலில் நின்றுவிட்டு, முதுகுவலியையும் நாய்களைப் பற்றி ஓயாமல் பேசுகிற ஒரு வாயையும் சம்பாதித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தவன். நாய் வாங்க நினைக்கிற ஆள் எவனாவது கையில் கிடைத்துவிட்டால் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகும். லாப்ரடார் சொன்னதைச் சட்டென்று பிடிக்கும், ஆனால் அதற்கு வயிறுதான் மூளை, பிஸ்கட் காட்டுகிறவனெல்லாம் அதற்கு முதலாளி. டாபர்மேன் நன்றாகப் படிக்கும், ஒருதரம் அநியாயமாக அடித்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. ராஜபாளையத்துக்கு எல்லாம் விளங்கும், செய்வதற்கு மனசு வரவேண்டும். நாட்டுநாயை அவன் சேர்த்துக்கொள்வதே இல்லை. புத்தி இல்லாமல் அல்ல, புத்தி கூடிப்போய். உட்கார் என்று சொன்னால் என்னத்துக்கு என்று நம்மையே திருப்பிக் கேட்கிற மாதிரிப் பார்க்கும். உட்கார்ந்தால் லாபம் உண்டா என்று கணக்குப் போட்ட பிறகுதான் பின்பக்கத்தைத் தரையில் வைக்கும்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பெல்ஜியன் மாலினாய்ஸ் பற்றி ஆரம்பிப்பான். நாலு தரம் காட்டினால் போதும், ஐந்தாவது தரம் அதுவே செய்யும். புத்தியும் பணிவும் ஒரே மண்டைக்குள் இருக்கிற நாய் அது ஒன்றுதான் என்பான். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

அண்ணாச்சி மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தென்னந்தோப்புக்கு நடுவே ஒற்றையாக வீடு. முன்பு வளர்த்த லாப்ரடார், திருடன் எறிந்த கோழிக்கறியை வாலை ஆட்டிக்கொண்டு தின்றுவிட்டு வாயில் நுரை தள்ளிச் செத்தது. வீட்டில் இருந்த நகையும் போயிற்று. நகை போனதை அவர் மறந்தார், நாய் போனதை மறக்கவில்லை. அதனால்தான் மாலினாய்ஸ் குட்டியாக ரோமியை வாங்கியதும், என் கையால் கொடுத்தால் மட்டும் தின்னவேண்டும், வேறு எந்தக் கையும் கூடாது என்று சுனிலிடம் கேட்டார். பொதுவாக இந்தப் பயிற்சிக்கு வீட்டில் இரண்டு ஆளைச் சேர்ப்பான் சுனில். ஓமனா அக்காவையும் சேர்ப்போம் என்று சொல்லிப் பார்த்தான். அவள் இரக்கக்காரி, வாசலில் வந்து நிற்கிறவனிடமெல்லாம் நாய்க்கு ஒரு வாய் போடு என்று சொல்லிவிடுவாள், பொறவு பாத்துக்கிடலாம் என்று அவர் தள்ளிவிட்டார். சுனில் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அவனுக்கும் அது பிடித்திருந்தது. ஒரே ஒரு கைக்கு மட்டும் வாய் திறக்கிற நாய் என்று வீடியோ போட்டால் எப்படி இருக்கும்!

போட்டான். இனயம் கடற்கரையிலிருந்து அவன் கூட்டுக்காரன் ஆன்ட்ரூஸ் பொரித்த நெய்மீனோடு வந்தான், ரோமி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அண்ணாச்சியின் சட்டையையும் வேட்டியையும் ஆன்ட்ரூசுக்கு உடுத்திவிட்டு ஆட்டுக்கறி நீட்டச் சொன்னான், ரோமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணாச்சியின் குரலைப் போனில் பதிவுசெய்து ஓடவிட்டான். முதல் தரம் ரோமி ஏமாந்தது. கழுத்துப்பட்டையில் சுருக்கென்று ஒரு கரண்ட் கொடுத்தான். இரண்டாம் தரமும் கொடுத்தான். அதன்பின் ஏமாறவில்லை. இரண்டு லட்சம் பேர் அந்த வீடியோவைப் பார்த்தார்கள். சுனில் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தான்.

அண்ணாச்சி சோறு கொடுப்பதிலும் ஒரு முறை வைத்திருந்தார். மத்தியானம் உள்ளறையில் பலகை போட்டு உட்கார்ந்து இலையில் சாப்பிடுவார். ரோமி எதிரே இருக்கும். சாப்பாட்டுக்கு இடையில் ஒரு உருண்டை பிடித்து இலையின் வலது ஓரத்தில் வைத்து, "ம், எடு" என்பார். அதை எடுத்துத் தின்ற பிறகுதான் வெளியே சட்டியில் மீதிச் சோறு. முதல் உருண்டை இல்லாமல் சட்டியை ரோமி தொடாது. அப்படி இருந்தவர் ரேஷன் கடை வரிசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை.

சுனில் போனபோது ரோமி உள்ளறைச் சுவரோரம் கிடந்தது. அவனைப் பார்த்ததும் வாலை ஒரு தரம் அசைத்தது. முன்னால் வைத்த சோற்றில் கோழிச் சாறு ஊற்றி ஓமனா பிசைந்து வைத்திருந்தாள், ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அவன் உட்கார்ந்து, தன் கையால் நீட்டினான். அது வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவன் கழுத்துக்கு மேலாகப் பார்த்தது. அந்தப் பார்வையையும் சொல்லிக்கொடுத்தது அவன்தான். சாப்பாட்டைப் பார்க்காதே, பார்த்தால் சபலம் வரும் என்பது பாடம்.

அடுத்த ஐந்து நாளும் அவன் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தான். அண்ணாச்சியின் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். அவர் குரலைப் போனில் ஓடவிட்டான். செத்துப்போன மனுஷர் சுவரைத் தாண்டி "ம், எடு" என்று கூப்பிட்டதும் அடுக்களையில் ஓமனாவின் கையிலிருந்த செம்பு கீழே விழுந்து உருண்டது. ரோமி மட்டும் அசையவில்லை. அதற்குத்தான் தெரியுமே, போனில் வருவது அவர் இல்லை என்று. எந்தக் கதவைத் தட்டினாலும் அதை முன்பே தானே பூட்டி வைத்திருப்பதைச் சுனில் கண்டான். இவ்வளவு நன்றாகவா நான் வேலை செய்தேன் என்று அவனுக்கு அழுகை வந்தது.

தோப்பில் திரிகிற செவலை நாட்டுநாய் ஒன்று தினம் வந்து ரோமியின் சட்டியைக் காலி செய்தது. யார் கையால் என்ன, யார் சொன்னால் என்ன, சோறு சோறுதானே அதற்கு. முன்பென்றால் ரோமி அதைத் துரத்திக் குதறியிருக்கும். இப்போது படுத்தபடியே பார்த்தது. செவலைக்கு வயிறு கொழுத்தது, ரோமிக்கு விலா எலும்பு தெரிந்தது. தக்கலையிலிருந்து டாக்டர் வந்து தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றினார். இது எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். தோகாவிலிருந்து காரியத்துக்கு வந்திருந்த மகன் பிரதீஷ் சுனிலைத் தனியாக அழைத்து, பதினாறு கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் அது தின்னவில்லையென்றால் ஊசி போட்டு அனுப்பிவிடலாம், அம்மா இன்னொரு சாவை அணுவணுவாகப் பார்க்கக் கூடாது என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை.

சோறு கொடுக்க இரண்டு கை இருந்தால் ஒரு கை போனாலும் நாய் பிழைக்குமா என்று அன்றைக்கு ஓமனா கேட்டாள். பிழைக்கும் என்றான். ஒப்படைப்பு என்று ஒன்று உண்டு, மூன்று நாள் வேலை. முதல் நாள் பழைய ஆளும் புது ஆளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய ஆள் கொடுக்கவேண்டும். இரண்டாம் நாள் ஒரே உருண்டையை இரண்டு கையும் பிடிக்கவேண்டும். மூன்றாம் நாள் புது ஆள் கொடுத்துப் புது ஆளே சொல்லவேண்டும், அந்த நேரத்தில் பழைய ஆள் எழுந்து திரும்பிப் பாராமல் போய்விடவேண்டும். போகிற ஆளை யாரும் கூப்பிடவும் கூடாது. கூப்பிட்டு அவர் நின்றுவிட்டால் நாய் அவரையே நம்பி உட்கார்ந்துவிடும், இன்னொரு தரம் ஒப்படைக்க முடியாது. எல்லாவற்றுக்கும் பழைய ஆள் வேண்டும் அக்கா என்று முடித்தான். அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

பதினாறாம் நாள் வந்தது. அந்தக் குடும்பத்து வழக்கப்படி, இறந்தவர் சாப்பிட்ட அறையில் அவர் பலகையைப் போட்டு, இலை விரித்து, அவருக்குப் பிடித்ததெல்லாம் விளம்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே இருக்கவேண்டும். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவதற்கான நேரம் அது. பிறகு மூன்று தரம் கைதட்டிக் கதவைத் திறப்பார்கள். திறந்தபோது உள்ளே ரோமி இருந்தது. கூட்டத்தில் சுவரோரம் கிடந்த நாயை யாரும் கவனிக்காமல் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். அண்ணாச்சியின் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "இலையில பட்டி வாய வச்சிட்டே, எங்க அண்ணன் பட்டினியா போயிருப்பாரே" என்று அழுதாள்.

ஓமனா இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அவியல் இருந்தது, எரிசேரி இருந்தது, வடை முழுசாக இருந்தது, பாயசம் ஆடை கட்டிக்கிடந்தது. வலது ஓரத்தில் ஒரு உருண்டை அளவுக்குச் சோறு மட்டும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் சுனிலை அழைத்துக் காட்டினாள். பசி அக்கா, பசிதான் என்று சொன்னான். சொல்லும்போதே அவனுக்குத் தன் பேச்சு பிடிக்கவில்லை. பதினாறு நாள் பட்டினி கிடந்த நாய் பசியில் வாய் வைத்தால் இலையையும் சேர்த்துத் தின்றிருக்கும். ஒரு பிடியோடு நிறுத்துகிற பசியை அவன் எந்த நாயிடமும் கண்டதில்லை. வெளியே சட்டியில் சோறு வைத்தார்கள், ரோமி தொடவில்லை. மறுநாள் ஓமனா திரும்பவும் அறைக்குள் இலை போட்டு, ரோமியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். திறந்தால் வலது ஓரத்தில் ஒரு உருண்டை காணவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. அந்த ஒரு உருண்டையில் முப்பது கிலோ நாய் பிழைக்காது. பிரதீஷ் விமானம் ஏறுமுன் ஞாயிற்றுக்கிழமையை ஞாபகப்படுத்திவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை மத்தியானம் சுனில் துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி, அந்த அறை ஜன்னலின் உடைந்த சட்டம் வழியாக உள்ளே பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறான்.

இலைக்கு இந்தப் பக்கம் ரோமி முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் வெறும் பலகை. ரோமி பலகையைப் பார்க்கவில்லை, பலகைக்கு மேலே, உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளின் முகம் இருக்கிற உயரத்தில் பார்த்தது. பார்வை மெதுவாகக் கீழே வந்தது, இலைக்குப் போயிற்று, மறுபடி மேலே போயிற்று. ஒரு கை சோற்றுக்கும் வாய்க்குமாகப் போய்வருவதை நாய் பார்க்கிற பார்வை அது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு காதும் ஒருசேர முன்னால் மடங்கின. குனிந்து வலது ஓரத்துச் சோற்றை எடுத்துத் தின்றது.

சுனில் கல்லிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி முழங்கைத் தோல் பெயர்ந்தது. அந்தக் காதுமடக்கு அவனுக்குத் தெரியும். கட்டளை காதில் விழுந்தால் மட்டும் வருவது. சட்டைக்கு வரவில்லை, போனுக்கு வரவில்லை, நெய்மீனுக்கு வரவில்லை. நிஜமான ஆளுக்கு மட்டுமே அந்தக் காது மடங்கவேண்டும் என்று மாதக்கணக்காக உட்கார்ந்து செதுக்கியவன் அவன். இப்போது அதை நம்பாதே என்று தனக்குத்தானே எப்படிச் சொல்லிக்கொள்வான்? மனுஷன் நூறு சொல்லலாம். அந்த நாய்க்குப் பொய் சொல்ல அவன் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஓமனா அடுக்களை வாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லு சுனிலு. அவிய சொல்லாம அது திங்குமா?" என்று கேட்டாள்.

அவன் முழங்கை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே நின்றான். ஏதாவது ஒரு பொய் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். "திங்காது அக்கா" என்றான்.

"அப்பொ ஒப்படைக்க ஆளு இருக்காவல்லா."

அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். இது விளையாட்டில்லை, நமக்குத் தெரியாத காரியம் என்றான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, உனக்கும் மூன்று நாள்தானே வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளே ஆரம்பித்தார்கள். அண்ணாச்சியின் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை போட்டு ஓமனா உட்கார்ந்தாள். முப்பது வருஷத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாளும் சாப்பிட்டதில்லை, விளம்பிவிட்டு நின்றதுதான் என்று சொல்லிவிட்டு, கூச்சப்பட்டதுபோல் சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள். சுனில் வாசற்படியில் நின்றான். ஒப்படைப்பில் பயிற்சிக்காரன்தான் இரண்டு பேருக்கும் அடுத்தது என்ன என்று சொல்லவேண்டும். வெறும் பலகையைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்களே குடுங்க" என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். காது மடங்கியது, ரோமி தின்றது. ஓமனா அந்தப் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டாம் நாள் அவள் உருண்டை பிடித்து வலது ஓரத்துக்கு மேலே வைத்துக்கொண்டாள். அவரும் பிடிக்கட்டும் என்று சுனில் சொன்னான். இந்தத் தரம் அவன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓமனாவின் முகம் மாறியது. கண்ணை மூடிக்கொண்டாள். ரோமி எழுந்து வந்து அவள் விரல்களை முகர்ந்தது, அவள் விரலுக்கு வெளியே அரை அங்குலம் தள்ளி, காற்றில் எதையோ நக்கியது, அதன்பின் உருண்டையை எடுத்தது. வெளியே வந்து அவள் கிணற்றடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் கை எப்போதும் சூடாகத்தான் இருக்கும், இன்றைக்கும் சூடாகத்தான் இருந்தது என்றாள்.

மூன்றாம் நாள் அவள் சமையலை இழுத்துக்கொண்டே போனாள். அவியல் முடிந்தபிறகு ஒரு பச்சடி, பச்சடி முடிந்தபிறகு அப்பளம். ஒரு மணி தாண்டிற்று, இரண்டு தாண்டிற்று. ரோமி எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் இலைமுன் கிடந்தது. அவள் எதற்காக நேரம் கடத்துகிறாள் என்று சுனிலுக்கு விளங்காமல் இல்லை. பிழைக்கவேண்டியது நாய், போகவேண்டியது யார்? இதை முன்பே யோசிக்காமல் ஒப்படைப்பு, ஒப்படைப்பு என்று வாய் கிழியப் பேசிய தன்னை அவன் நொந்துகொண்டான். இன்றைக்கு விட்டுவிடலாம் அக்கா என்றுகூடச் சொன்னான். "விட்டா அது செத்துரும். அவியளுக்கும் அது பொறுக்காது. நீ சொல்ல வேண்டியதச் சொல்லு மக்கா" என்று பலகையில் உட்கார்ந்தாள்.

உருண்டை பிடித்தாள். ரோமி அவள் முகத்தைப் பார்க்காமல் பக்கத்துப் பலகைக்கு மேலே பார்த்தது. சுனில் எட்டு வருஷம் துபாயில் எத்தனையோ பேருக்குச் சொன்ன வார்த்தைதான், ஒருநாளும் இப்படிக் கனத்ததில்லை.

"அண்ணாச்சி, எந்திச்சிப் போவலாம். திரும்பிப் பாக்கப்படாது."

ரோமியின் தலை நிமிர்ந்தது. உட்கார்ந்த உயரத்திலிருந்து எழுந்து நிற்கிற உயரத்துக்குக் கண் போயிற்று. பிறகு தலை மெதுவாகத் திரும்பத் தொடங்கியது, பலகையிலிருந்து சுவர்ப் பக்கம், சுவரிலிருந்து வாசற்படிப் பக்கம். அவருக்கு இடது முட்டில் தேய்மானம், வேகமாக நடக்கமாட்டார். வாசற்படியில் நின்ற சுனில் தன்னை அறியாமல் ஒதுங்கி வழிவிட்டான். ரோமியின் பார்வை அவன் தோளைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, தோப்புப் பாதையில் போயிற்று. மூக்கு நுனி கொஞ்ச நேரம் துடித்தது. பிறகு துடிப்பு அடங்கியது, பார்வை மட்டும் தோப்பு வாசலிலேயே நின்றது.

"போயாச்சா?" என்று ஓமனா கேட்டாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாயைப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான், அவனிடம்தான் கேட்கவேண்டும்.

"இல்ல அக்கா. தோப்பு வாசல் பக்கம் நிக்காவ."

அவள் வாய் திறந்தது. முப்பது வருஷமாக அவரைக் கூப்பிட்ட கூப்பாடு உதடுவரைக்கும் வந்துவிட்டதை அவன் பார்த்தான். ஒரு சத்தம் போதும், அவர் போகாமல் நின்றுவிடுவார். நாளைக்கும் இலை போடலாம், நாளை மறுநாளும் போடலாம். அவள் இடது கையால் சேலை முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துப் பல்லால் கடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து கொட்டியது. அப்படியே இருந்தாள்.

ரோமி தலையைத் திருப்பி, முதல் தரமாக அவள் முகத்தைப் பார்த்தது. அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "ம், எடு" என்றாள்.

காது மடங்கிற்று. ரோமி தின்றது, வெளியே சட்டியிலிருந்த முழுச் சோற்றையும் தின்றது, சட்டி உருண்டு சுவரில் இடிக்கும்வரை நக்கியது. ஓமனா இரண்டு பலகைகளில் ஒன்றை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, அந்த இலையை மடக்கினாள்.